ஆறு கண்மாய், 27 கமெண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நடுப்பக்கத்தில் உயர்கல்வி பற்றி எழுதியவர், இன்றைய ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு குறை சொன்னால் தாங்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தார். மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். அந்த வரி மட்டும் மூன்று நாளாக உறுத்துகிறது. தாங்கவில்லை என்பது உண்மைதான். ஏன் என்று அவர் கேட்டிருக்கலாம்.

மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியலில் பிஎச்.டி. செய்கிறேன். நான்காவது வருடம். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் தட்டான் பூச்சிகளை எண்ணுவது என் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தட்டானின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள் கழிகிறது. அதனால் எந்தக் கண்மாயில் எந்தத் தட்டான் பிறக்கிறது என்பதை வைத்து அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆறு கண்மாய்களில் இரண்டு வருடம் எண்ணி, கட்டுரை எழுதி, வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். நாலரை மாதம் கழித்துப் பதில் வந்தது.

வந்த நேரம் பாருங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, வலைக் கம்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மெயிலைத் திறந்தால் மூன்று ரிவ்யூவர் (கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்ல இதழ் கேட்டுக்கொள்ளும் துறை ஆட்கள்), நாலு பக்கம், 27 கமெண்ட். 'ஆய்வின் வடிவமைப்பிலேயே கோளாறு இருக்கிறது' என்பது இரண்டாவது ரிவ்யூவரின் முதல் வரி. ஒத்தக்கடையில் யானைமலை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. 'மேலூர் எறங்கு' என்று கண்டக்டர் இரண்டு தடவை கத்திய பிறகுதான் எழுந்தேன். அன்றைக்குக் கண்மாய்க்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ராத்திரி அம்மா பூக் கட்டிக்கொண்டே, "என்ன, பெயிலாக்கிட்டாங்களா?" என்றார். இல்லம்மா, திருத்தித் தரச் சொல்லியிருக்காங்க என்றேன். "அப்ப நல்லதுதான, திருத்திக் குடு" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் புரிந்தது எனக்குப் புரியப் பல நாள் ஆனது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்சி. வரை நாங்கள் அறிந்த திருத்தம் மார்க் ஒன்றுதான். ஒரு தடவை எழுதுவோம், சிவப்பு மையில் மார்க் விழும், கதை முடிந்தது. எழுதியதைத் திரும்ப வாங்கி, குறையைப் படித்து, அதையே மறுபடி எழுதுகிற பழக்கம் பதினேழு வருடத்தில் ஒரு நாளும் கிடையாது. அப்படி வளர்ந்தவளிடம் திடீரென்று நாலு பக்கம் நீட்டினால் அது எனக்குப் போட்ட மார்க்காகத்தான் தெரியும். துறையின் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். வெளியான கட்டுரைகளின் முதல் பக்கத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுரை அதற்கு முன் எத்தனை வாசல் ஏறி இறங்கியது என்று எங்கும் இருக்காது. என் சீனியர்கள் எல்லாருமே முதல் தடவையிலேயே தேறியவர்கள் என்று நான் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

பயிலரங்குகளில் எங்களைத் தேற்றுவதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். 1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் நட்சத்திரங்களை ஆராய்ந்த இளைஞர் சந்திரசேகரை, அப்போதே பெரிய வானியலாளராக இருந்த எடிங்டன் எல்லார் முன்னாலும் கேலி செய்தார், அதே சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது, ஆகவே மனம் தளராதீர்கள். எனக்கு இது உதவவில்லை. அந்தக் கதையில் சந்திரசேகர் சொன்னது சரி, எடிங்டன் சொன்னது தவறு. என் கதையில் ரிவ்யூவர் சொன்னதுதான் சரி.

'ஆறு கண்மாய்களையும் ஆறு தனித்தனி மாதிரிகளாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் வரைபடத்தில் அவை ஒரே கால்வாய்த் தொடரில் இருக்கின்றன. மேலே உள்ளதன் தண்ணீர் கீழே வருகிறது என்றால் அவை எப்படித் தனித்தனி?' இதுதான் அந்தக் கோளாறு. படித்ததும் எனக்கு வந்தது அவமானம் மட்டுமில்லை. இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். முதல் வருடம் மூன்றாவது கண்மாயின் மறுகால் பக்கம் நின்றிருந்தபோது, அந்த ஊர் நீர்பாய்ச்சி ஐயா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறு கம்மாய்னு எண்ணிக்கிட்டிருக்கியேத்தா. மேல நெறஞ்சாத்தான கீழ தண்ணி. தண்ணிக்கு அது ஒரே கம்மாய்தான்." நான் சிரித்து வைத்தேன். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து, மேலூர் எங்கே என்றே தெரியாத ஒருவர் அதையே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இருவருக்குமே நான் சம்பளம் கொடுக்கவில்லை. ரிவ்யூவருக்குப் பெரும்பாலும் இதழ்களும் கொடுப்பதில்லை.

மூன்றாவது ரிவ்யூவர் வேறு இடத்தில் பிடித்தார். தட்டான் பறப்பதைப் பார்த்தால் அது அங்கேதான் பிறந்தது என்று ஆகிவிடுமா, பிறந்ததற்கு என்ன ஆதாரம் என்றார். அடுத்த தை மாதம், மழைத் தண்ணீர் கிடக்கும்போதே போய் முழங்கால் சேற்றில் நின்று கோரைத் தண்டுகளில் தேடினேன். தட்டான் தண்ணீரை விட்டு மேலே ஏறி, சட்டையை உரித்துவிட்டுப் பறந்துபோகும். அந்தச் சட்டை தண்டைக் கவ்வியபடியே காய்ந்து நிற்கும். வெங்காயச் சருகு மாதிரி லேசு. கால், கண், தாடை எல்லாம் அச்சு எடுத்தது போல அப்படியே இருக்கும். முதுகில் ஒரு பிளவு, அதிலிருந்து நாலைந்து வெள்ளை நூல் தொங்கும். மூச்சுக்குழாயின் உள்தோல் அது. இரண்டு வருடம் அதே கரையில் நடந்தும் இதை நான் குனிந்து பார்த்ததில்லை, வலையைத் தூக்கிக்கொண்டு வானத்தையே பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பழைய தீப்பெட்டிகளில் போட்டு எடுத்துவந்தேன்.

எல்லா கமெண்டும் இப்படித் தங்கமாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலம் சரியில்லை, அதைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டவும் என்று ஒன்று. அதிகம் சுட்டது அதுதான், சுலபமாகச் சரியானதும் அதுதான். ஐந்து வரிக்கு நீண்ட வாக்கியங்களை உடைத்தேன், அவ்வளவே. இன்னொருவர் ஒரே ஆளின் ஐந்து கட்டுரைகளைக் குறிப்பிட்டு இவற்றை மேற்கோள் காட்டு என்றார். இரண்டு என் ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாதவை. மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ரிவ்யூவர் தன் கட்டுரைகளைத் திணிக்கக் கூடாது என்று பதிப்பு நெறிகளுக்கான 'கோப்' அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. பொருந்திய மூன்றைச் சேர்த்துக்கொண்டு, மற்ற இரண்டு ஏன் வேண்டாம் என்று இதழாசிரியருக்கு இரண்டு வரி எழுதினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இப்படி மறுத்து எழுதலாம் என்பதே எனக்கு முன்னால் தெரியாது.

செய்த வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று நாள் அந்த மெயிலைத் தொடவில்லை. அப்புறம் ஒரு அட்டவணை போட்டு, இடப்பக்கம் அவர்கள் சொன்னது, நடுவில் என் பதில், வலப்பக்கம் எந்த வரியில் மாற்றினேன் என்று 27-ஐயும் நிரப்பினேன். எட்டு கமெண்ட் வெறும் எழுத்துப் பிழை. அதை முதலில் முடித்தேன், பாதி பயம் போய்விட்டது. 'ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டார்' என்று நான் எரிச்சலோடு எழுதிய இடங்களை கைடு அடித்துவிட்டு, 'நீ தவறாகப் புரியும்படி எழுதியிருக்கிறாய்' என்று போட்டார். அதையும் திருத்தினேன்.

இந்த வலிக்குப் பயந்து என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் கட்டினால் பத்தே நாளில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸப்பில் வாரம் ஒரு அழைப்பு வருகிறது. 27 கமெண்ட் வராது, ஒன்றுகூட வராது. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பர் விதிகளில் எடுத்துவிட்டது. நல்ல இதழ் எது என்று காட்டிய 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. வேலைக்கு விண்ணப்பித்தால் மட்டும் எத்தனை கட்டுரை என்று கேட்கிறார்கள். முதல் ரிவ்யூவில் அடிபட்டுத் தனியாக அழுத பிள்ளை அந்த வாட்ஸப் நம்பரைத் தேடிப் போவதில் எனக்கு ஆச்சரியமில்லை. என் வகுப்பில் படித்த இருவர் போனார்கள்.

தமிழ்த் துறைத் தோழி ஒருத்தி இதற்கு ஒரு பழங்கதை சொன்னாள். இறையனார் களவியல் என்ற பழைய அகப்பொருள் இலக்கண நூலுக்கு யார் உரை சரி என்று மதுரைச் சங்கப் புலவர்கள் 49 பேருக்குள் வழக்கு வந்ததாம். தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை உட்கார வைத்தார்களாம். மருதன் இளநாகன் உரை சொன்னபோது சில இடங்களில் அவனுக்குக் கண்ணீர் வந்தது. நக்கீரன் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர், மெய்சிலிர்ப்பு. அதுதான் சரியான உரை என்று ஆனது. அப்படித் தீர்ப்புச் சொல்பவருக்கு அந்தக் காலத்துச் சொல் 'காரணிகன்', உங்கள் ரிவ்யூவருக்கு அதையே வைத்துக்கொள் என்றாள். எனக்கென்னவோ மற்ற 47 பேர் நினைப்புதான். அவர்கள் உரைத்தபோது பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தது. எந்த வரியில் சறுக்கினோம் என்று தெரியாமலே எழுந்து போயிருப்பார்கள். எனக்கு 27 இடத்தில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும் பழைய ரிஜெக்ட் கடிதங்களில் ஒன்றை எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் கைடு போன மாதம் தன்னுடையதை எடுத்துவந்தார். என்னுடையதைவிட மோசம். இரண்டே வரி, அதில் ஒன்று அவர் பெயரைத் தப்பாக எழுதியது. அன்றிலிருந்து எங்கள் லேபில் மாதத்தின் இரண்டாம் வெள்ளி, சாயங்காலம் 4 மணிக்கு ஒரு ரிவ்யூ கடிதத்தை ஒருவர் உரக்கப் படிக்கிறோம், மற்றவர்கள் ஒவ்வொரு கமெண்டுக்கும் என்ன பதில் எழுதலாம் என்று பேசுகிறோம். முதல் தடவை மூன்று பேர் வந்தார்கள், இரண்டாம் தடவை ஒன்பது பேர். மற்ற கல்லூரிகளிலும் இதைத் தொடங்கலாம், செலவு டீக்கு மட்டும்தான்.

என் கட்டுரை இரண்டாம் சுற்றிலிருந்து நேற்றுத் திரும்பி வந்திருக்கிறது. நாலு கமெண்ட். சட்டைப் படத்தில் அளவுகோல் போடவில்லையாம்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, மதுரை
(பெயர் போட வேண்டாம். கைடும் உங்கள் வாசகர்.)