வட்டி வந்தது, முதல் எங்கே? ஓஷன் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

டேனி ஓஷன், ரஸ்டி ரயன், இன்னும் மீதி ஒன்பது பேருக்கு,

வணக்கம். உங்களைக் கதையில் உள்ள பெயரால் கூப்பிடுவதா, ஜார்ஜ் குளூனி, பிராட் பிட், மேட் டேமன் என்று நடிகர் பெயரால் கூப்பிடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்தக் குழப்பத்தை ஆரம்பித்து வைத்ததே நீங்கள்தான். ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ படத்தில், ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த டேனியின் மனைவி டெஸ்ஸுக்கே ஜூலியா ராபர்ட்ஸ் வேஷம் கட்டிவிட்டது யாராம்? அதனால் இரண்டு பெயரும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். படங்களை இன்னும் பார்க்காத யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் இந்த வழக்கைப் பேச முடியாது.

வழக்கு இதுதான். லாஸ் வேகாஸில் மூன்று சூதாட்ட விடுதிகளின் பணம் கிடக்கும் பெட்டகத்திலிருந்து 2001இல், ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தில், நீங்கள் 16 கோடி டாலரை அள்ளிக்கொண்டு போனீர்கள். மூன்று வருடம் கழித்து, 2004இல் வந்த ‘ட்வெல்வ்’ படத்தில், அந்த விடுதிகளின் முதலாளி டெர்ரி பெனடிக்ட் உங்கள் ஒவ்வொருவரையும் தேடி வந்து நின்று வட்டியும் முதலுமாக எடுத்து வை என்றார். இரண்டு வாரம் கெடு. டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்கார்ந்த நாங்களும் அதையேதான் கேட்டோம். பெனடிக்ட் கணக்கைத் தீர்த்துவிட்டீர்கள். எங்கள் பாக்கி அப்படியே நிற்கிறது.

முதல் படத்தில் எனக்கு மறக்காத ஒரு இடம் உண்டு. பெனடிக்டின் பெட்டக அறையைப் போலவே அச்சு அசலாக இன்னொன்று கட்ட வேண்டும் என்கிறீர்கள். பயிற்சிக்கா என்று கேள்வி வருகிறது. கிட்டத்தட்ட அப்படித்தான் என்று ஒரு பதில். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பயிற்சி இல்லாமல் உங்கள் சர்க்கஸ்காரன் யென் பணம் கொண்டுபோகும் வண்டிக்குள் சுருண்டு படுத்துப் போய் உள்ளே குதிப்பானா, நியாயம்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். கடைசியில் பெனடிக்ட் கண்காணிப்புக் கேமராவின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். தன் பெட்டக அறையின் தரையில் சமீபத்தில்தான் ‘பெல்லாஜியோ’ என்று விடுதியின் பெயரை எழுத்தாகப் பதித்தார்கள். திரையில் தெரியும் தரையில் அந்த எழுத்து இல்லை. பெனடிக்டாக நடித்த ஆண்டி கார்சியாவின் முகம் அப்போது அசையவே அசையாது. எங்கள் முதுகுத்தண்டில்தான் ஏதோ ஓடும். ஆக, அவர் நேரலை என்று நம்பிப் பார்த்த கொள்ளை நடந்தது உங்கள் கிடங்கில் கட்டிய அந்த நகல் அறையில். உண்மையான பணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது அவரே கூப்பிட்ட அதிரடிப் போலீஸ். அந்தப் போலீஸும் நீங்கள்தான்.

ஏமாந்தோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதையும் ஒளித்து வைக்கவில்லை நீங்கள். செங்கல் செங்கலாகக் கண்ணெதிரே கட்டிக் காட்டிவிட்டு ஏமாற்றினீர்கள். இரண்டாவது தடவை பார்க்கும்போது சந்தோஷம் கூடியதற்குக் காரணம் அதுதான். டெட் கிரிஃபின் எழுதிய அந்தத் திரைக்கதையில் யாரும் சும்மா நிற்கவில்லை. யென்னின் கையில் கட்டு விழுந்தால் அந்தக் கட்டு பெட்டகக் கதவில் மாட்டுகிறது. வெடியை அழுத்தினால் வெடிக்கவில்லை, பார்த்தால் பேட்டரி. வயதான சால், நரம்பு தளர்ந்த லிவிங்ஸ்டன், எப்போதும் சண்டை போடும் மல்லாய் சகோதரர்கள் என்று பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது. ஒருவரை உருவினால் திட்டமே சரிந்துவிடும்.

இனி இரண்டாவது படத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் எனக்குப் புகாரே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படும் ஒரு பணக்காரர். அவர் வீட்டில் உலகின் முதல் பங்குப் பத்திரம். எதிர்ப்பக்கத்திலிருந்து அம்பு எய்துதான் பாதுகாப்புக் கருவியை அணைக்க வேண்டும். கோணம் கொஞ்சம் இடிக்கிறது. என்ன செய்யலாம்? வீட்டையே தூக்கிவிடலாம்! அந்த ஊர்க் கால்வாய் ஓரத்துப் பழைய வீடுகள் மரத் தூண்களின் மேல்தான் நிற்கின்றன. ராத்திரியில் தண்ணீருக்குள் இறங்கி ஜாக்கி வைத்து ஒரு வீட்டை மெல்ல உயர்த்துகிறீர்கள். முதல் படத்துக்குக் கொஞ்சமும் குறையாத குறும்பு அது. உள்ளே போனால் துலூர் என்ற போட்டித் திருடன் முந்திவிட்டான். அதுவும் சரி.

பிறகுதான் அந்த முட்டை வந்தது. ரோமில் காட்சிக்கு வைக்கப்போகும் ஃபேபர்ஜே முட்டை, அதாவது ரஷ்ய அரச குடும்பத்துக்காகச் செய்த நகை முட்டை. யார் முதலில் திருடுகிறார்கள் என்று துலூர் உங்களுக்குச் சவால் விடுகிறான். நீங்கள் ஜெயித்தால் உங்கள் கடனை அவன் அடைப்பான்.

இந்தப் படத்தை நான் பார்த்தது ஒரு நண்பனின் அறையில், டிவிடியில். நண்பன் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன். நீங்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டுச் சிறைக்குப் போகும்போது அவன் கவலைப்பட்டான். டெஸ்ஸைக் கூப்பிட்டு வயிற்றில் தலையணை கட்டி, இவள்தான் ஜூலியா ராபர்ட்ஸ் என்று கூட்டிக்கொண்டு போகும்போது விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் கோமோ ஏரிக்கரை மாளிகையில் டேனி சாவகாசமாக உட்கார்ந்து, முட்டை ரோமுக்கு வந்து சேரும் முன்பே ரயிலில் பையை மாற்றி எடுத்துவிட்டோம் என்கிறார். நண்பன் ரிமோட்டை எடுத்து படத்தை நிறுத்தினான். “அப்போ இவ்ளோ நேரம் பண்ணதெல்லாம் எந்தக் கணக்குல எழுதுறது?”

என்னிடம் பதில் இல்லை. துலூரை ஏமாற்ற ஆடிய நாடகம் என்று சொல்லிப் பார்த்தேன். “துலூர ஏமாத்துனாங்க சரி, நம்மள ஏன்டா ஏமாத்துனாங்க?” என்றான்.

அந்த ரயிலை நாங்கள் பார்க்கவே இல்லை என்பதுதான் குறை. முன்னே ஏதாவது ஒரு மூலையில் ஒரு முதுகுப்பை, இருக்கையில் தூங்கி வழியும் ஒரு பையன், ஒரு ஸ்டேஷன் பெயர்ப்பலகை என்று எதையாவது காட்டியிருந்தால் போதும். மூன்று தடவை தேடிவிட்டேன், என் கண்ணுக்கு அகப்படவில்லை. முதல் படத்தில் ‘பயிற்சிக்கா?’ என்ற ஒரே கேள்வியில் செய்து காட்டிய வேலை இது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ப்ரூஸ் வில்லிஸ் ப்ரூஸ் வில்லிஸாகவே வந்து மாட்டும் அந்த ஹோட்டல் காட்சியில், அவருடைய ‘சிக்ஸ்த் சென்ஸ்’ பேய்ப்பட முடிவை நான் முன்னாடியே கண்டுபிடித்துவிட்டேன் என்று அவரிடம் பீற்றிக்கொள்கிறார்கள். பாவம், அவர் முகம் போகிற போக்கு. நல்ல முடிவு என்பது கண்டுபிடிக்க வழி வைத்தது, ஆனாலும் பலர் கோட்டைவிட்டது என்று அந்த நகைச்சுவைக்கே தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்திருந்தும் அரை மணி நேரத்துக்குள் யாராலும் கண்டுபிடிக்க வழியே இல்லாத முடிவை எங்கள் தலையில் கட்டினீர்கள்.

உங்கள்மேல் பலர் சொல்லும் இன்னொரு குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து தயாரிப்பாளர் செலவில் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய்வந்தார்கள், போன இடத்தில் கேமராவும் ஓடியது என்கிறார்கள். குளூனிக்கு கோமோ ஏரிக்கரையில் சொந்த வீடு இருப்பதையும் சாட்சிக்கு இழுப்பார்கள். இருக்கட்டுமே. 1960இல் வந்த மூலப்படமே ஃபிராங்க் சினாட்ராவும் டீன் மார்ட்டினும் சாமி டேவிஸ் ஜூனியரும் ராத்திரியில் வேகாஸ் மேடையில் பாடிவிட்டு, பகலில் வந்து நடித்துக் கொடுத்த படம்தானே. சேக்காளிகளின் கும்மாளம் இந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. இயக்குநர் சோடர்பெர்க், பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற புனைபெயரில் கேமராவையும் தானே பிடிப்பவர். முதல் படத்தில் வழுக்கிக்கொண்டு போன கேமரா இரண்டாவதில் கையில் ஆடுகிறது, திடீரென்று ஜூம் அடிக்கிறது, நடுவில் உறைந்து நிற்கிறது. அறுபதுகளின் ஐரோப்பியப் படம் ஒன்றை டேவிட் ஹோம்ஸின் இசையோடு பார்ப்பதுபோல இருக்கிறது. சுற்றுலா போனவர் இவ்வளவு மெனக்கெடமாட்டார்.

ஜூலியா விஷயத்திலும் நான் உங்கள் கட்சி. அந்தக் காட்சியோடு படத்தைக் கைகழுவியவர்கள் உண்டு, தெரியும். ஆனால் விதையை முதல் படத்திலேயே ஊன்றிவிட்டீர்கள். ரஸ்டி சீட்டாடச் சொல்லிக்கொடுக்கும் தொலைக்காட்சி நடிகர்கள் அதில் அவரவர் பெயரிலேயே வந்தார்கள். ஆஸ்கர் வாங்கிய கையோடு வந்த ஜூலியாவை நடிகர் பெயர்ப் பட்டியலில் ‘அறிமுகம்’ என்று போட்டுக் கண்ணடித்தீர்கள். அந்தக் கண்ணடிப்பின் தொடர்ச்சிதான் இது. நிஜமாகவே கர்ப்பமாக இருந்த நடிகை, கர்ப்பம் இல்லாத டெஸ்ஸாக நடித்து, அந்த டெஸ் கர்ப்பிணி ஜூலியாவாக நடித்து, நடுவில் போனில் அசல் ஜூலியாவே லைனில் வந்து... எழுதினால் எனக்கே தலை சுற்றுகிறது. ஜூலியா அதைத் துளி தடுமாற்றம் இல்லாமல் செய்கிறார்.

அதைவிட, துலூர் ஏன் உங்கள்மேல் பாய்ந்தான் என்பதைப் பாருங்கள். பெல்லாஜியோவைக் கொள்ளையடித்த ஓஷன்தான் உலகிலேயே பெரிய திருடன் என்று யாரோ சொன்னதை அவன் குரு லமார்க் மறுக்கவில்லை. அவ்வளவுதான், பொறாமை. எதைச் செய்தாலும் பழையதுபோல வருமா என்ற கேள்வி ஒவ்வொரு இரண்டாம் பாகத்தின் தலைமேலும் தொங்கும். அந்தக் கேள்விக்கே கோட்டு சூட்டு மாட்டி வின்சென்ட் கஸெலை வில்லனாக்கியிருக்கிறீர்கள். இதை யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு. வினை அங்கேயேதான் வந்தது. அந்தப் போட்டியில் வியர்வை சிந்தியது துலூர். லேசர் கதிர்கள் தரையெங்கும் அலையும் கூடத்தில் பிரேசிலின் கப்போயிரா சண்டை நடனத்தைப் போல உடம்பை வில்லாக வளைத்துக் கைகளில் நின்று, உருண்டு, நூலிழையில் தப்பித்துப் போகிறான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கடைசியில் ஜெயித்தது ரயிலில் பையை மாற்றியவர்கள். எங்கள் மனசு உழைத்தவன் பக்கம் போய்விட்டது, டேனி. தோற்றவனுக்கு நாங்கள் கை தட்டும்படி ஆயிற்று.

கூட்டாளிகள் நிலைமையும் அப்படித்தான். யென்னைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் வழியிலேயே தொலைத்தீர்கள். சிரித்தோம், ஆனால் ஆளையே காணோம். பெர்னி மேக்குக்கு வேலை இல்லை. பாதிப் பேர் கம்பிக்குப் பின்னால் நின்றார்கள். கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸின் போலீஸ் அதிகாரியும் அவளுடைய அப்பா கதையும் இடத்தை அடைத்துக்கொண்டன. சேர்ந்து திட்டம் தீட்டும் சுகத்துக்காகத்தானே நாங்கள் வந்தோம்?

என் கணக்கில் வட்டி தாராளமாகவே வந்துவிட்டது: கஸெலின் ஆட்டம், ஜூலியாவின் கூத்து, கால்வாய் வீடு, ஹோம்ஸின் தாளம். முதல்தான் வரவில்லை. முதல் என்று நான் சொல்வது எங்களையும் கூட்டத்தில் ஒருவராக வைத்துக்கொண்டு அடிக்கும் கொள்ளை. முதல் படம் உலகம் முழுக்கச் சுமார் 45 கோடி டாலர் வசூலித்தது, இரண்டாவது 36 கோடி. பட்ஜெட்டோ ஏறியிருந்தது. 2007இல் ‘தர்ட்டீன்’ படத்தோடு வேகாஸுக்கே திரும்பி வந்து, அல் பசினோவின் விடுதியில் ஒழுங்காகத் திட்டம் போட்டு ஒழுங்காகக் கவிழ்த்தீர்கள். அது நல்ல பிள்ளையின் வேலை, ஆனால் ‘ட்வெல்வ்’ படத்தின் பைத்தியக்காரத்தனம் அதில் இல்லை. விநோதம் என்னவென்றால், நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது கோபம் வந்த அந்த இரண்டாவது படத்தைத்தான். நண்பன் ரிமோட்டைத் தூக்கிய இடத்தில் மட்டும் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

ஆகவே ஒரு விண்ணப்பம். மறுபடி கூடுவதாக இருந்தால், பெர்னி மேக்கும் கார்ல் ரெய்னரும் இப்போது இல்லை. அவர்கள் இடத்தில் எங்களை உட்கார வையுங்கள். பெரிதாக எதுவும் சொல்லவேண்டாம். பயிற்சிக்கா என்று நாங்கள் கேட்கிறோம். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நகருங்கள், போதும்.

இப்படிக்கு,
பாக்கி வரவேண்டிய ஒரு ரசிகன்

பி.கு.: டேனி, படம் முழுக்க என்னைப் பார்த்தால் ஐம்பது மாதிரியா இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போகிறீர்கள். படம் வந்தபோது குளூனிக்கு 43. கழுத்துப்பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டால் நாற்பது என்றே சொல்லலாம்.