பாண்ட் மாஸ்ரரின் ஒலிநாடாக்களை இனி ஓட்டாதீர்கள்: சனசமூக நிலைய நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாக சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

படை வாத்தியக் குழுவில் கிளாரினெற் வாசித்தவரும், கோயில் வீதியில் பகிடியால் சனத்தைச் சிரிக்க வைத்தவருமான பாண்ட் மாஸ்ரரின் நினைவுக் கூட்டத்தில், அவருடைய கசெற் ஒன்று டெக்கில் சிக்கி, பிடித்து இழுத்ததில் நாடா கசங்கியதை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். கசெற் டெக்கைக் கொண்டுவந்தவர் நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். அவரில் எங்களுக்குக் கோபமில்லை. அடுத்த மாதம் "மிச்சக் கசெற்றுகளையும் போட்டுக் கேட்போம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தீர்களே, அதற்காகத்தான் இந்த மடல். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். படியெடுத்து முடியும்வரை அந்த 40 கசெற்றுகளில் ஒன்றையேனும் எந்த மெசினிலும் ஓட்டாதீர்கள்.

அன்று கசங்கியது ஏறக்குறைய 2 முழ நாடா. கசெற் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். அப்படியென்றால் 2 முழம் 19 விநாடி. பல வருடம் ஓடாமல் கிடந்த டெக்கில் இறப்பர் உருளை பிசுபிசுத்துவிடும், சுற்றி எடுக்கும் பக்கத்துப் பெல்ற்றும் தளர்ந்துவிடும். உருளை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க, மறுபக்கம் அதை இழுத்துச் சுற்றப் பலமில்லாமல், நாடா உருளையிலேயே சுற்றிக்கொள்ளும். சத்தம் அமுங்கத் தொடங்கியதும் நிறுத்தி, உருளையைக் கையால் பின்பக்கம் சுற்றி விடுவித்திருந்தால் நாடா தப்பியிருக்கும். பிடித்து இழுத்ததுதான் பிழை. சி-90 (90 நிமிசம் ஓடும் கசெற்) நாடாவின் தடிப்பு 1 மில்லிமீற்றரில் 100 இல் 1 பங்கு அளவுதான். அது இழுவை தாங்காது.

அந்தத் துண்டை வெட்டி எறியவேண்டாம், செலோரேப் ஒட்டவும் வேண்டாம். செலோரேப்பின் பசை வெயிலுக்குக் கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துவிடும். நாடா ஒட்டுவதற்கென்றே தனி ஒட்டுநாடா உண்டு. கசங்கிய நாடாவை விரலால் மெதுவாக நீவிச் சுற்றி வைத்தாலே போதும். படியெடுக்கும்போது இடைக்கிடை சத்தம் விழுந்து எழும்புமே தவிர, குரல் கேட்கும்.

அந்த 19 விநாடியில் இருந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். மாஸ்ரர் "ஸ்குவாட், அற்றென்ஷன்" என்ற பரேட் கட்டளையைத் தோடி ராகத்தில் பாடும் இடம். "ஸ்குவாட்" என்ற சொல்லைப் பிடித்து ஆலாபனையாக இழுத்து, பிருகா எல்லாம் போட்டு, உச்சியில் நிறுத்துவார். பிறகு 4 விநாடி ஒரு சத்தமும் இராது. கோயில் வீதியில் இருக்கும் சனம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு, காய்ச்சல்காரன் முனகுவதுபோல, கட்டளையின் வால் மட்டும்: "ஷன்". உடனே கிளாரினெற் ஒரு கீச்சுக் கீச்சிடும். சிரிப்பு அடங்க அரை நிமிசம் எடுக்கும்.

பகிடி இருப்பது அந்த 4 விநாடியில். நிலையத்துப் பெடியள் வேறொரு கசெற்றிலிருந்து இதே உருப்படியைப் போனில் பிடித்து வைபரில் விட்டார்கள். அவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்தச் செயலி "வெற்றிடம்" என்று நினைத்து அந்த 4 விநாடியையும் வெட்டிவிட்டது. கேட்ட பிள்ளைகள் "இதில் என்ன பகிடி?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் கேட்டது நியாயம். அவர்களுக்குக் கிடைத்ததில் மாஸ்ரர் இல்லை. இரைச்சல் நீக்குவது, வெற்றிடம் வெட்டுவது, சத்தம் கூட்டுவது எதுவாயினும் மூலப்படியில் கை வைக்கக்கூடாது. அழகுபடுத்த விரும்பினால் இன்னொரு படியில் செய்யலாம்.

பெட்டியின் அடியில் நீல மையால் "டைனமோ" என்று எழுதிய 7 கசெற்றுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1990 இல் மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தடை வந்த காலத்தில் பதிந்தவை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, 6 வோல்ற் டைனமோவிலிருந்து 4 டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வழியாக றெக்கோடருக்குக் கரண்ட் போகும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் மோட்டர் மெதுவாகும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். ஓர் அரைச் சுரம் ஏறியிருந்தால் வேகம் ஏறக்குறைய 6 வீதம் பிழை.

இந்த 7 கசெற்றிலும் சுருதி ஏறுவது கண்டபடி இல்லை. ஒவ்வொரு பகிடி முடியும் இடத்திலும் ஏறுகிறது. பெடல் சுற்றியவரும் சிரித்திருக்கிறார். சிரிப்பில் கை தளர்ந்திருக்கிறது. இருட்டில், விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத ஊரில், பாண்ட் மாஸ்ரர் ஒருவரை எவ்வளவு சிரிக்க வைத்தார் என்பது அந்தச் சுருதியில் பதிந்து கிடக்கிறது. வேறெந்தப் பதிவும் இதைச் சொல்லாது. ஆகவே முதலில் பிழையோடேயே ஒரு படி. திருத்துவது அதன் பிறகு, அதற்கு அளவுகோலும் இருக்கிறது. அவருடைய மவுத் ஓர்கன் உங்கள் கண்ணாடி அலுமாரியில்தான் இருக்கிறது. 10 துளை, சி சுருதி. 4 ஆம் துளையில் ஊதினால் வரும் சட்ஜம் ஏறக்குறைய 523 ஹேர்ட்ஸ். அதே மவுத் ஓர்கன் இந்தக் கசெற்றுகளிலும் ஒலிக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் எந்த இடத்தில் வேகம் எவ்வளவு விலகியது என்று தெரிந்துவிடும். தயவுசெய்து அதைத் தண்ணீரில் கழுவிப் பொலிஷ் போடவேண்டாம். நாக்குத் தகட்டில் களிம்பு ஏறினால் சுருதி மாறிவிடும்.

செய்யவேண்டிய வேலை பெரிய வித்தையல்ல, பொறுமைதான் வேண்டும். முதலில் ஒவ்வொரு கசெற்றின் பின்விளிம்பிலும் உள்ள 2 பிளாஸ்ரிக் காதுகளையும் உடைத்துவிடவேண்டும், தவறியும் மேலே பதியாது. சாளரத்தால் பார்த்து நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை மற்றவற்றோடு வைக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. நாடாவை டெக்கின் தலைப்போடு (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் 'ஹெட்') சேர்த்து அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு சிலவற்றில் கழன்று விழுந்திருக்கும். அவற்றின் நாடாவைத் திருகாணி வைத்த புதுக் கூட்டுக்கு மாற்றவேண்டும். தலைப்பை ஐசோபுறொப்பைல் அற்ககோலால் ஒவ்வொரு கசெற்றுக்கும் முன் துடைக்கவேண்டும். வெவ்வேறு மெசினில் பதிந்தவையாதலால் தலைப்பின் சாய்வுத் திருகாணியை ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பிடிக்கவேண்டும். "ஸ்", "ச்" என்ற ஒலிகள் தெளிவாகும் இடமே சரியான இடம். இதைச் செய்யாமல் படியெடுத்தால் எல்லாம் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும், பிறகு எந்தக் கொம்பியூட்டரும் அதைத் திருத்தாது.

டெக்கின் 'லைன் அவுட்'டிலிருந்து ஓடியோ இடைமுகம் (ஒலியைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும் கருவி) வழியாக 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் வேவ் கோப்பாக எடுக்கவேண்டும். போனைப் பெட்டிக்கு முன்னால் பிடிப்பது படியெடுப்பல்ல. ஒரு சி-90 ஏறக்குறைய 1.5 ஜிகாபைற் வரும், 40 கசெற்றும் 60 ஜிகாபைற்றுக்குச் சற்று மேல். ஓடும் நேரம் மட்டும் 60 மணித்தியாலம், பின்னேரம் 2 மணித்தியாலம் இருந்தால் 30 நாள். 3 படிகள் வேண்டும். ஒன்று நிலையத்தில், ஒன்று குடும்பத்திடம், ஒன்று ஊருக்கு வெளியே. ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனத்தாரிடம் பேசிப்பார்க்கலாம்.

இவ்வளவையும் செய்யக்கூடிய காசைத்தான் நீங்கள் கருங்கல் பலகைக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு எழுதிய வாசகத்தில் "ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்" என்று போட்டிருக்கிறீர்கள். இராணுவம் என்ற சொல்லை இந்த ஊரில் ஏன் கல்லில் வெட்டத் தயங்குகிறோம் என்று எங்களுக்கும் தெரியும். அந்தத் தயக்கத்தை மதிக்கிறோம். ஆனாலும் அவர் இருந்தது 1949 இல் உருவான, இந்த நாடு சிலோன் என்று இருந்த காலத்துப் படையில். அங்கே அவர் கையில் இருந்தது கிளாரினெற். பரேட் தெரியாதவரால் பரேட்டைத் தோடியில் பாடியிருக்க முடியாது. அந்த வருடங்களை மறைத்தால் அவருடைய பகிடிக்கு வேர் இல்லாமல் போகிறது. "படை வாத்தியக் குழுவின் கிளாரினெற் கலைஞர்" என்று எழுதுங்கள். மறைக்க வேண்டிய சொல் அதில் ஒன்றுமில்லை.

1981 இல் எங்கள் பொது நூலகம் எரிந்ததைப் பற்றி ஒவ்வொரு வருடமும் மேடை போட்டுப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் எஞ்சியிருக்கும் குரல்களைத் தகர அலுமாரிக்குள், ஒழுகும் ஓட்டுக்குக் கீழே வைத்திருப்பவர்கள் நாங்களே. அந்த அலுமாரிக்கு மேலே உள்ள 3 ஓடுகள் வெடித்திருப்பது கடந்த மாரியிலேயே உங்களுக்கு அறிவிக்கப்பட்டது. பக்கத்திலேயே ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அடுக்கியிருக்கிறீர்கள். ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் ஒலிநாடா இருக்கவே கூடாது.

சற்றுச் சூடாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் தாழ்மையாகக் கேட்கிறோம். படியெடுத்து முடியும்வரை அந்த நாடாக்களை ஓட்டாதீர்கள், அடுத்த மாத நிகழ்ச்சிக்கும் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் கசெற்றுகளைக் காய்ந்த அறைக்கு மாற்றி, நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். பழுதுபார்த்த டெக், இடைமுகம், அற்ககோல், புதுக் கூடுகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. நிலையத்திடம் காசு கேட்கவில்லை. அலுமாரித் திறப்பும், கரண்ட் உள்ள ஒரு மேசையும், 30 பின்னேரமும் தந்தால் போதும். வருகிற நிர்வாக சபைக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுத்து ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஊரின் ஒலிப்பதிவுகளில் அக்கறை கொண்டவர்கள்,
யாழ்ப்பாணம்.