ஆடப்போகிறவனை யாராவது கேட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் வீரர்கள் ஏலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், கடைசிப் பத்தி வரும்வரை. "கோடிகளில் புரளும் வீரர்கள், கிடைத்த அணி பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்பது அழகல்ல, எடுத்த அணிக்கு ஆடுவதே தொழில் தர்மம்" என்று முடித்திருக்கிறார் தங்கள் நிருபர். அவருக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. சந்தோஷம்.

கோடிகளில் புரளுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2008-ல் ஐபிஎல் தொடங்கியபோது சச்சின் மும்பைக்கு, கங்குலி கொல்கத்தாவுக்கு, டிராவிட் பெங்களூருக்கு, சேவாக் டெல்லிக்கு, யுவராஜ் பஞ்சாபுக்கு என்று 'ஐகான்' வீரர்களை ஏலத்துக்கே கொண்டுவராமல் அவரவர் மண்ணிலேயே வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு யாரும் தொழில் தர்மம் பேசவில்லை. அதே வருடம் சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக்கை டெல்லி எடுத்தது. அப்புறம் பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத், கொல்கத்தா என்று டெல்லியோடு சேர்த்து ஆறு அணிகளின் சட்டையைப் போட்டுவிட்டு 2024-ல் ஐபிஎல்லிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். சென்னைக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

ராஜஸ்தான் அணியில் இருந்த ஜடேஜா வேறு அணியோடு தானாகப் பேரம் பேசினார் என்று 2010 சீசன் முழுக்கத் தடை விதித்தார்கள். அப்போது அவர் சின்னப் பையன். 2025 நவம்பரில் சென்னையிலிருந்து அதே ராஜஸ்தானுக்கு மாறும்போது, வீரரின் சம்மதம் வேண்டும் என்று விதியே இருக்கிறது. பெயர் வாங்கியவனைக் கேட்பார்கள், பெயர் வாங்கப்போகிறவனைக் கேட்கமாட்டார்கள்.

அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதே கதைதான். அங்கே ஏலம் இல்லை, டிராஃப்ட். போன வருடம் மோசமாக ஆடிய அணி முதலில் ஆள் எடுக்கும். 1983-ல் ஜான் எல்வே, பால்டிமோருக்கு ஆடமாட்டேன், வற்புறுத்தினால் பேஸ்பால் ஆடப் போய்விடுவேன் என்றார். டென்வருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 2004-ல் ஈலை மேனிங் சான் டியாகோ வேண்டாம் என்றார், நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அவருடைய அப்பாவே அந்த ஆட்டத்தில் பெரிய பெயர். கையில் இன்னொரு பிழைப்போ, முதுகுக்குப் பின்னால் ஒரு அப்பாவோ இருந்தால் "மாட்டேன்" என்று சொல்லிவிடலாம். இரண்டும் இல்லாதவனுக்குத்தான் தர்மம்.

நான் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் கபடி பழகிய பையன் ஒருவன் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று, பாடி வருகிற ரைடரை மடக்குகிறவன். கணுக்காலைப் பிடித்தான் என்றால் ரைடர் நகர முடியாது. ட்ரையல்ஸில் தென்னக அணி ஒன்றின் பயிற்சியாளர் அவனைத் தனியே கூப்பிட்டு, "எங்களுக்கு உன் இடத்துக்குத்தான் ஆள் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். ஏலத்தில் வடக்கத்தி அணி ஒன்று முந்திக்கொண்டது. ஏற்றிக் கேட்கத் தென்னக அணியிடம் பணம் மிச்சமில்லை. அங்கே போனால் ஏற்கெனவே இரண்டு லெஃப்ட் கார்னர்! சீசன் முடிந்து ஊருக்கு வந்தவன், "பாருங்க சார்" என்று அவர்கள் கொடுத்த மேட் ஷூவைத் திருப்பிக் காட்டினான். அடிப்பக்கம் வரிவரியாக, கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. ஒரு ரெய்டுக்குக்கூட இறக்கவில்லை. ஆடாதவனை யார் எடுப்பார்கள்? அடுத்த ஏலத்தில் அவன் பெயரை வாசித்தபோது ஒருவரும் கைதூக்கவில்லை. முகம் சுளிக்கக்கூட அவனுக்கு ஒரு அணி இல்லை.

விருப்பத்துக்கு விட்டால் எல்லோரும் பணக்கார அணிக்கே ஓடுவார்கள் என்பீர்கள். உண்மைதான், ஏலமோ டிராஃப்டோ இல்லாத ஜெர்மன் கால்பந்தில் பயர்ன் மூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது. ஆனால் இங்கேதான் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறதே? 2025 ஐபிஎல் ஏலத்துக்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி, முதலாளி எவ்வளவு பெரிய ஆளானாலும் அவ்வளவுதான். கபடியிலும் வரம்பு உண்டு. எல்லோர் பையிலும் ஒரே பணம் இருக்கும்போது, ஏலத்துக்கு முன்பே வீரன் மூன்று அணிகளின் பெயரை எழுதிக் கொடுக்கட்டும், அடிப்படை விலைக்கு எடுக்கும் முதல் உரிமை அந்த அணிகளுக்கு என்று வைத்தால் எந்தக் குடி முழுகிவிடும்?

இதையெல்லாம் தங்கள் பத்திரிகை எழுதும் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. எங்கள் பள்ளி மாநிலக் கோப்பை வாங்கியபோது தாங்கள் போட்ட படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோப்பை கொடுத்தவர் இருக்கிறார், பொன்னாடை போர்த்தியவர் இருக்கிறார், மைக் பிடித்தவர்கூட இருக்கிறார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன்களை வெட்டிவிட்டீர்கள். கீழே போட்ட பெயர்களில் கேப்டனின் இனிஷியல் தப்பு. திருத்தம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. கபடிக்கு இடமில்லை என்று தங்கள் அலுவலகத்தில் போனை எடுத்தவர் சொன்னார். அன்றைய பக்கத்தில் ஒரு கிரிக்கெட் வீரரின் புதிய தலைமுடி அலங்காரத்துக்கு நாலு பத்தி இடம் இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த கபடி ஏலத்துக்கு மறுநாள், அதிக விலைக்குப் போன பத்துப் பேரோடு நிறுத்தாமல், அடிப்படை விலை மிகக் குறைவான டி பிரிவில் எடுக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பையன்களின் பெயரையும் மாவட்டத்தையும் சின்ன எழுத்திலாவது போடுங்கள். யாரும் எடுக்காதவர்களின் பெயரையும் சேர்த்துத்தான். இனிஷியலைச் சரிபார்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

(என் பெயரை வெளியிட வேண்டாம். பையன் இந்த வருட ட்ரையல்ஸுக்கும் பெயர் கொடுத்திருக்கிறான்.)