நடுவர்கள் பாலன் பிறந்த பிறகு வரட்டும்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்கு மேய்ப்புப்பணிச் சபையினருக்கும்,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம்.

கடந்த ஞாயிறு பூசை முடிவில் வாசித்த அறிவித்தலில், இயேசு பிறந்த காட்சியை வீடுகளில் அமைக்கும் பாலன் குடில் போட்டிக்கு நடுவர்கள் வீடு வீடாக வரும் நாள் இந்த வருடமும் டிசம்பர் 22 என்று இருந்தது. போன வருடம் நடந்ததை, அயல் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் சொன்னோம். ‘பார்ப்போம்’ என்றீர்கள். பார்த்ததன் பலன் இந்த அறிவித்தல்தான் போலும். ஆகவே எழுத்திலேயே கேட்கிறேன்: நடுவர்களைத் திருநாளுக்குப் பிறகு அனுப்புங்கள்.

நத்தாருக்கு முந்திய நான்கு கிழமையான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று எங்கள் வீட்டில் குடிலுக்குக் கிடுகும் தடியும் எடுத்து வைப்போம். அன்றிரவு முதல் ஊதா மெழுகுதிரி எரியும். தீவனத்தொட்டி மட்டும் வெறுமையாகவே கிடக்கும். இரவுச் செபம் முடிந்ததும், அன்று யாருக்காவது நன்மை செய்த பிள்ளை ஒரு வைக்கோல் இழையை அதில் வைக்கலாம். என்ன நன்மை என்று நாங்கள் கேட்பதில்லை. சின்னவள் சில இரவுகளில் ஒன்றும் வைக்காமலே போய்ப் படுப்பாள். அதுவும் எனக்குச் சந்தோசந்தான், பொய்யாக ஒன்றை வைக்கவில்லையே. குழந்தை இயேசுவின் சுரூபம் துணியில் சுற்றியபடி அலுமாரிக்குள் இருக்கும். நள்ளிரவுப் பூசையால் வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, அவள்தான் அதை எடுத்து அந்த வைக்கோலின் மேல் கிடத்த வேண்டும்.

போன வருடம் வந்தவர்களில் ஒருவர் தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். “குழந்தை இல்லாத குடிலுக்கு எப்படிப் புள்ளி போடுறது?” என்றார். ஏழு வயதுப் பிள்ளை விளக்கம் சொன்னாள். கேட்டுவிட்டு அவர், “மகள், படம் எடுக்கிற வரைக்கும் சும்மா வைங்க, பிறகு எடுத்திரலாம்” என்றார். அவள் அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். புள்ளித்தாளில் அந்த இடத்தில் பூச்சியம் விழுந்தது. சுரூபங்களைவிட மின்குமிழ் அலங்காரத்துக்குக் கூடப் புள்ளி இருந்த தாள் அது என்பதையும் சொல்லி வைக்கிறேன். புள்ளி போனால் போகட்டும். “நாம செய்தது பிழையாம்மா?” என்று அன்றிரவு அவள் கேட்டதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். சபையின் பதில் என்ன என்று அறிய ஆசை.

திருவருகைக்கால ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ கீதத்தைக்கூடப் பாடாமல் வைத்திருக்கிறோம். பாலன் பிறந்த இரவில் அது மணியோசையோடு திரும்பி வரும்போது உடம்பு சிலிர்ப்பது, அந்த நான்கு கிழமையும் அது இல்லாமல் இருந்ததால்தான். ஆலயத்துக்குள் இவ்வளவு அழகாகக் காத்திருக்கத் தெரிந்த நமக்கு வீடுகளில் மட்டும் ஏன் இந்த அவசரம்?

1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் சுரூபமே இருக்கவில்லை. வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, தொட்டியின் மேல் திருப்பலி, அவ்வளவுதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1இல் குடிலைப் பற்றி விடுத்த மடலிலும் இது உண்டு. வீடுகளில் குடில் கட்டும் வழக்கத்தை ஊக்குவிக்கத்தான் அவர் அதை எழுதினார். நம் நடுவர்கள் கிரேச்சோவுக்குப் போயிருந்தால் அசிசியாருக்கும் பூச்சியந்தான்.

குடிலோடு முடிந்தால் பரவாயில்லை. டிசம்பர் பிறந்தால் பாடசாலையில் நத்தார் ஒளிவிழா, கந்தோரில் ஒளிவிழா, ரியூசனில் ஒளிவிழா, கடைசியில் பங்கிலும் ஒளிவிழா. 25ஆம் திகதி வருமுன்னே நத்தார் பாப்பா களைத்துப் போகிறார். கரோல் பயிற்சி இரவு 7 மணிக்கு. அது வீட்டில் செபமாலை சொல்லும் நேரம். வராதவர்களுக்கு மேடையில் இடமில்லை என்று வட்ஸ்அப்பில் எச்சரிக்கை வேறு. அடுத்த ஞாயிறு மறையுரையில் குடும்பச் செபம் அருகிவிட்டது என்று கவலை. எந்த இரவில் செபிப்பது சுவாமி?

பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொன்னது. மட்டக்களப்பில் இதை யாரும் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2004இல் திருநாளுக்கு மறுநாள் கடல் வந்தது. 2005இல் பாலன் பிறப்புப் பூசையின்போது மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். இரவில் வெளிக்கிடப் பயந்த அந்தக் காலத்தில், குப்பி விளக்கை வைத்துப் பிள்ளைகளை முழந்தாளில் இருத்திச் செபித்தது தாய்மார்தான். அவர்களுக்கு யாரும் புள்ளி போடவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. இளைஞர்கள் அதற்காகப் படும் பாடு தெரியும். நள்ளிரவுப் பூசை முடிவில் பரிசை அறிவிக்க வேண்டும் என்பதே இந்த அவசரத்துக்குக் காரணமாம். அப்படியானால் பரிசை, ஞானிகளின் வருகையை நினைக்கும் ஜனவரித் திருக்காட்சிப் பெருவிழாவில் கொடுக்கலாமே. கீழ்த்திசை ஞானிகளும் பிள்ளை பிறந்த பிறகுதானே வந்தார்கள், அதுவும் கையில் புள்ளித்தாள் இல்லாமல். தயவுசெய்து நடுவர்களை டிசம்பர் 26இலிருந்து எந்த மாலையிலாவது அனுப்புங்கள். தேநீரும் பலகாரமும் தயாராக இருக்கும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் இதை எடுத்து, முதலாம் ஞாயிறுக்கு முன் புதிய திகதியை அறிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். திகதி மாறாது என்றால் எங்கள் வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மார்கழி மழைக்குள் நடுவர்கள் வீணாக நனைய வேண்டாம்.

இப்படிக்கு,
பங்கின் தாய் ஒருத்தி,
மட்டக்களப்பு.