ஆலை உரிமையாளர் ஓடிவிட்டால் யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் என் மகளுக்கு வாங்கிய ஜெர்சியின் கழுத்துப் பட்டையில் ‘மேட் இன் இந்தோனேசியா’ என்று இருந்தது. எந்த ஆலை என்று அதில் இல்லை. பெரிய நிறுவனங்கள் ஆலைகளின் பட்டியலைத் தாங்களே வெளியிடுகின்றன (நைக்கி 2005-இலேயே வெளியிட்டது) என்பது உண்மைதான். ஆனால் பட்டியலில் உள்ள ஓர் ஆலை மூடப்படும்போது அங்கே தைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

ஜகார்த்தாவை அடுத்த தங்கெராங்கில் அடிடாஸ், நைக்கி முதலிய நிறுவனங்களுக்கு உடை தைத்துவந்த பி.டி. கிசோன் ஆலையின் உரிமையாளர் 2011 ஜனவரியில் நாட்டை விட்டே போய்விட, ஏப்ரலில் ஆலை மூடப்பட்டது. சுமார் 2,700 தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். எட்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் வேலை பார்த்தவரை நீக்கினால் ஒன்பது மாதச் சம்பளத்தை ஈட்டுத்தொகையாகத் தர வேண்டும் என்று அந்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. தருவதற்குத்தான் ஆள் இல்லை. இத்தகைய ஆலைகளில் சட்டையின் தோள்பட்டையை ஓவர்லாக் என்னும் தையல் இயந்திரத்தில் இணைப்பவர் வேறு வேலைக்குப் பழகாமல் ஆண்டுக்கணக்கில் தோள்பட்டையை மட்டுமே இணைக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒன்பது மாதச் சம்பளம் அவருக்கு என்னவென்று புரியும்.

நைக்கி தரப்பு ஒரு பகுதியைக் கொடுத்தது. அடிடாஸோ, ஆலை மூடப்படுவதற்கு முன்பே தனது ஆர்டர்கள் முடிந்துவிட்டன என்று கூறி, உணவுக் கூப்பன் தர மட்டும் முன்வந்தது. லண்டன் ஒலிம்பிக்கின் விளம்பரதாரராக அது இருந்த காலம் அது! சட்டப்படி அந்த வாதம் நிற்கலாம். ஆயினும், ஒரு சட்டைக்கு இவ்வளவுதான் என்று கொள்முதல் விலையைத் தீர்மானிப்பதில் ஓங்கிய கை நிறுவனத்துடையது. அந்த விலைக்குள் ஈட்டுத்தொகைக்கு எடுத்து வைக்க இடமில்லை என்றால், பழியை ஓடிப்போன உரிமையாளர் மீது மட்டும் போடுவது நியாயமாகாது.

கார்னெல் உள்ளிட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், தங்கள் பெயரும் சின்னமும் பொறித்த உடைகளுக்காக அடிடாஸுடன் செய்திருந்த உரிம ஒப்பந்தங்களை முறித்துக்கொண்ட பிறகே, 2013 ஏப்ரலில் அடிடாஸுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அதற்கு முன் ஹோண்டுராசில் மூடப்பட்ட இரு ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 2010-இல் நைக்கி சுமார் 15 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதும் பல்கலைக்கழகங்கள் நெருக்கிய பிறகுதான்.

வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பின், கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் ஆடை நிறுவனங்கள் கையெழுத்திட்டன. ஈட்டுத்தொகைக்கும் அதே போன்ற ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொரு ஆர்டரின் மதிப்பிலும் ஒரு சிறு பங்கை ஆலை உரிமையாளரின் கைக்கு எட்டாத தனி நிதியில் நிறுவனங்கள் செலுத்த வேண்டும். அதுவரை, சீருடை உரிமம் வழங்கும் விளையாட்டு அமைப்புகளாவது இந்த நிபந்தனையைத் தங்கள் ஒப்பந்தங்களில் எழுதி வாங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.