லேடிஸ்மித்தில் பார்த்த பீரங்கி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. ஒரு நாளும் ஷிப்டுக்கு நேரத்துக்கு வராதவன் சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடுவானா என்று சரோஜா கேட்கிறாள். பதில் எழுது.

ஜோகன்னஸ்பர்க்கில் குளிர் பல்லை ஆட்டுகிறது. போன வாரம் மாப்பிள்ளை எங்களை லேடிஸ்மித்துக்கு அழைத்துப் போனார். போயர் போரில், 1899 நவம்பரிலிருந்து 118 நாள் போயர்கள் (இங்கே குடியேறிய டச்சுக்கார விவசாயிகளின் வம்சம்) ஆங்கிலேயப் படையை அடைத்து வைத்திருந்த ஊர். அங்கே லாங் டாம் பீரங்கியின் மாதிரி ஒன்றைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பழைய பவுண்டரி புத்தி திரும்பிவிட்டது. மாப்பிள்ளையின் புத்தகங்களை எல்லாம் கிளறிவிட்டேன்.

அசல் பீரங்கி பிரான்சின் குரூசோ ஆலையில் செய்தது. குழல் வாய் 155 மி.மீ., குண்டு ஒன்று ஏறக்குறைய 43 கிலோ. போயர்களின் டிரான்ஸ்வால் அரசு இப்படி நாலு வாங்கியது. ஆனால் கரிமருந்துதான் போட்டுச் சுட்டார்கள், ஒவ்வொரு தடவையும் மலை உச்சியில் வெள்ளைப் புகை கிளம்பும். அதைப் பார்த்து ஊராரை உஷார்ப்படுத்துவதே நம் நாட்டு ஒப்பந்தக் கூலி பிரபு சிங்கின் வேலை. குண்டு வந்து சேர்வதற்குள் ஜனங்கள் பதுங்கிக்கொள்வார்கள். காந்தியும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வந்த குண்டாவது ஒழுங்காக வெடித்ததா? போர் தொடங்கிய மாதமே டண்டியில், அக்டோபர் 20 அன்று, மழையில் ஊறிய மண்ணில் போயர் குண்டுகள் பல வெடிக்காமல் புதைந்து போயின. கிறிஸ்துமஸ் அன்று லேடிஸ்மித்துக்குள் வெடிமருந்துக்குப் பதிலாகப் பிளம் புட்டிங் அடைத்த குண்டை வாழ்த்தோடு அனுப்பினார்களாம். குசும்பைப் பாரேன்!

கையிருப்பு கரையக் கரைய வேறு வழியில்லை, குண்டை உள்ளூரிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து சரக்கு வர இருந்த ஒரே பாதை போர்த்துகீசியர் கையிலிருந்த டெலகோவா விரிகுடா ரயில். கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் மறித்துச் சோதனை போட்டன. தங்கச் சுரங்கங்களுக்கு இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜோகன்னஸ்பர்க் பெக்பி பட்டறையை அரசு எடுத்துக்கொண்டு குண்டு செய்ய வைத்தது. உடம்பை வார்ப்பது நமக்கும் அவர்களுக்கும் ஒரே வேலைதான். அச்சு, உருக்கு, லேத்து. வார்ப்பில் புளோ ஹோல், அதாவது காற்றுத் துளை, இருந்தால் ரிஜெக்ட். குண்டைச் சுற்றிச் செப்புப் பட்டை ஏற்றுவதற்குக்கூடக் கை வேண்டும், ஆனால் பழகிவிடும். குண்டை வெடிக்க வைக்க மூக்கில் வைக்கிற பியூஸ் அப்படி இல்லை, சண்முகம். அது கடிகாரக்காரன் வேலை. சுடும்போது அடிக்கிற அதிர்ச்சிக்குத் தூங்க வேண்டும், மண்ணைத் தொட்டதும் விழிக்க வேண்டும். நாம் பம்பு பாடியில் அரை மில்லி விட்டு ஒரு லோடு முழுதும் திரும்பி வந்ததே, அந்தக் கையை வைத்துக்கொண்டு பியூஸ் செய்திருந்தால்?

1900 ஏப்ரல் 24 அன்று அந்தப் பட்டறையே வெடித்துச் சிதறியது. செத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியத் தொழிலாளர்கள். ஆங்கிலேயர் சதி என்று ஊரே கொதித்தது. எனக்கென்னவோ, அவசரத்தில் வேலை வாங்குகிற வெடிமருந்துப் பட்டறைக்குச் சதிகாரன் தனியாக வேண்டுமா என்றுதான் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்? மே 31-இல் ஜோகன்னஸ்பர்க், ஜூன் 5-இல் பிரிட்டோரியா விழுந்ததும் உலையும் போயிற்று, லேத்தும் போயிற்று. கடைசி லாங் டாமை 1901 ஏப்ரலில் ஹேனெர்ட்ஸ்பர்க் பக்கம் போயர்களே வெடி வைத்து உடைத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் துப்பாக்கியை வைத்தே ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். தங்கள் மௌசர் துப்பாக்கிக்குத் தோட்டா தீர்ந்தபோது எதிரியிடம் பிடுங்கிய துப்பாக்கியால் சுட்டார்கள்.

அடுத்த மாதம் 12-ஆம் தேதி ஊருக்கு வருகிறோம். இங்கே பில்டாங் என்று உப்புக்கண்டம் கிடைக்கிறது, உனக்கு வாங்கலாமா என்றேன். அவருக்குப் பல் எங்கே இருக்கிறது என்கிறாள் சரோஜா.

அன்புடன்,
பழனிச்சாமி