குளத்தில் கொப்பளிக்கும் மின்சாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைகளின் கழிவிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலேசியாவின் பேராக்கில் ஓர் ஆலையின் பாய்லரில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கழிவு என்றதும் பலருக்கும் பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும்தான் நினைவுக்கு வரும். அவற்றை நாங்கள் வீணாக்கியதே இல்லை. பாய்லருக்கே அவைதான் தீனி. ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் அதிலேயே கிடைத்துவிடும். தொல்லை கொடுப்பது கழிவுநீர். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்குக் குறையாமல் வரும். பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, கை வைக்க முடியாத சூட்டில் ஓடிக் குளத்தில் விழும். காற்றுப் புகாத அடியில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை விடும். காலையில் கரையோரம் நடந்தால், உலையில் கஞ்சி கொதிப்பது போல் குளம் முழுக்கக் கொப்புளம் வெடிக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் மனைவி முதலில் ஜன்னலைச் சாத்துவாள்.

அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். குளம் மட்டும் விடிய விடியக் கொப்பளித்துக்கொண்டிருக்கும்.

ஆற்றில் விடும் தண்ணீருக்கு 1977லேயே சட்டம் வந்துவிட்டது. கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றும் மீத்தேனுக்கு அப்போது கேள்வி கேட்பாரில்லை. 2014 முதல்தான் புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். குளத்தைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடினால் பூரி போல் உப்பிவிடும். ஒரு டன் கழிவுநீருக்குச் சுமார் 28 கன மீட்டர் வாயு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கிவிட்டுத்தான் எஞ்சினுக்கு விட வேண்டும், இல்லையென்றால் இரும்பை அரித்துவிடும்.

சரி, மின்சாரம் தயார். யாருக்கு விற்பது? ஆலைக்குத்தான் நாரும் ஓடும் இருக்கின்றனவே. ஆலையோ நடுத்தோட்டத்தில், பெரிய மின்கம்பி எங்கோ தூரத்தில். கம்பி இழுக்கும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, பிடித்த வாயுவைக் குழாய் நுனியில் சும்மா கொளுத்திவிடும் ஆலைகளும் உண்டு. காற்றில் விடுவதற்கு அது எவ்வளவோ மேல்தான். ஆனாலும் வயிறு எரிகிறது.

அந்தக் கம்பிக்கான செலவில் அரசு எவ்வளவு ஏற்கும்? அடுத்த முறை உங்கள் நிருபர் இதைக் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
பேராக்.